மோதல் மூர்த்தியின் டங்ஸ்டன்

எங்காத்துக்காரருக்கு ஆபீஸ்ல வெச்ச பேர் மோதல் மூர்த்தி. சண்டைக்காரர்னு நினைச்சுடாதேங்கோ. காய்க்காரன் கண்ணெதிர்ல அழுகின கத்திரிக்காயைப் பொறுக்கிப் போட்டாலும் "பரவாயில்லை, விடு"ன்னு வாங்கிண்டு வந்து என்கிட்ட திட்டு வாங்கற மனுஷர். முழுப்பேர் குருமூர்த்தி. கல்லைப் படிக்கறது வேலை, மத்திய அரசாங்க ஆபீஸ், கல்கத்தாவுல. இந்த ஊர்ல எத்தனை ஆழம் தோண்டினாலும் சேறுதான், ஒரு கூழாங்கல்லுக்கு வழி கிடையாது. இங்கே கொண்டு வந்து கல் ஆபீஸை வெச்சிருக்கா பாருங்கோ, அந்தப் புத்திசாலியை நான் பாக்கணும்.

நாங்க குடியிருக்கறது ஜாதவ்பூர்ல, மூணாவது மாடி. மத்தவா பால்கனியில செடி இருக்கும், எங்காத்துல கல் இருக்கும். வீடு பாக்க வந்த அன்னிக்கு வீட்டுக்காரர் கிச்சன் மேடையைத் தட்டிக் காட்டி, "பிளாக் கிரானைட், முதல் தரம்"னார். இவர் குனிஞ்சு கண்ணாடியைத் தூக்கி விட்டுண்டு பாத்துட்டு, "இது கிரானைட்டே இல்லை. வேற ஜாதிக் கல். கடைக்காரா எல்லாத்தையும் கிரானைட்னு விக்கறா"ன்னார். வாடகை பேசற நேரத்துல பேசற பேச்சா இது? அந்த மனுஷர் முகம் சுண்டிப் போச்சு. கல் விஷயத்துல மட்டும் இவருக்கு வாயை அடக்கத் தெரியாது.

மோதல்னு பேர் வந்தது அதனாலதான். "கிரானைட் எல்லாம் ஒண்ணு இல்லை வசு, எந்த வீட்டுல பொறந்ததுங்கறது முக்கியம்"னு ஆரம்பிப்பார். வசுந்தராங்கற என் பேரை வசுன்னு கூப்பிட்டார்னா பிரசங்கம் நீளமா இருக்கும்னு அர்த்தம். பூமியோட மேலோடு பெரிய பெரிய துண்டுகளா நகந்துண்டே இருக்காம். கடல் தரை போய் நிலத்துக்கு அடியில நுழைஞ்சா ஒரு மாதிரி கிரானைட் உண்டாகும், அதோட செம்பு, தங்கம் வரலாம். நிலம் ரெண்டு பக்கமும் இழுபட்டுக் கிழிஞ்சா வேற மாதிரி கிரானைட், வேற உலோகம். நிலமும் நிலமும் நேருக்கு நேர் மோதிண்டா, நடுவுல மாட்டின வண்டலெல்லாம் ஆழத்துல புதைஞ்சு வெந்து உருகிக் கிரானைட்டா எழும்பும். வெள்ளீயமும் டங்ஸ்டனும் தேடறவன் அங்கேதான் தேடணுமாம். உருகின கல் உறைய உறைய, தனக்கு வேண்டாததையெல்லாம் மிச்சச் சாறுல தள்ளிண்டே வருமாம். ரசம் வத்த வத்த உப்பும் புளியும் ஏறிண்டே போறதோல்லியோ, அந்த மாதிரி. கடைசிச் சாறு எந்த விரிசல்ல போய் உறையறதோ அங்கே உலோகம் இருக்கும்.

புருலியா பக்கம் ஒரு குன்று வரிசை. அது நிலம் கிழிஞ்சப்போ வந்த கிரானைட்னு ஆபீஸ்ல அத்தனை பேரும் சொல்றா. இவர் ஒருத்தர்தான், "இல்லை, அங்கே ரெண்டு நிலம் மோதிண்டிருக்கு"ன்னு நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து சொல்லிண்டிருக்கார். கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார், அவா சிரிப்பா. ஆத்துக்கு வந்து, "சிரிக்கட்டும், கல் பொய் சொல்லாது"ம்பார். கல் சொல்லாதுதான்.

அந்த ஆபீஸ் லேப்ல கவிதான்னு ஒரு பொண்ணு. கிடர்பூர்ல பொறந்து வளந்தவ. அப்பா மருதமுத்து கப்பல் டாக்ல கிரேன் ஓட்டி ரிடயர் ஆனவர். எம்.எஸ்ஸி. படிச்சுட்டுக் கான்ட்ராக்ட்ல இருந்தா, வருஷா வருஷம் புதுப்பிக்கற வேலை. மிஷின்ல வெச்சு அளக்கறதுக்கு முன்னால கல்லை மாவா அரைச்சுத் தரணும், அதுதான் அவளோட பொறுப்பு. தமிழைவிடப் பெங்காலி சரளமா வரும். என்னைச் சித்திங்கற மாதிரி, பெங்காலியில காகிமாம்பா. இவருக்கு அவமேல ரொம்பப் பிரியம். பிள்ளை அமெரிக்கா போனப்புறம் இவர் கல்லைப் பத்திச் சொல்றதைக் காது குடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் அவதான். நான் எங்கே கேட்டேன், குக்கர் சத்தம்தான் கேட்டேன்.

போன குளிர்காலம். எங்கே துளை போட்டுப் பாக்கறதுன்னு முடிவு பண்ண ஒரு கமிட்டி மீட்டிங். இவருக்கு ரிடயர்மென்ட் நெருங்கிடுத்து, இதை விட்டா வேற சந்தர்ப்பம் கிடையாது. பூஜை லீவு முடிஞ்ச கையோட புருலியாவுக்கு ஓடிப் போய் ஒரு மூட்டை கல் கொண்டு வந்தார். அதுக்கப்புறம் லேப்ல நடந்தது எனக்குப் பின்னாலதான் தெரியும். ஆனா உங்களுக்கு இப்பவே சொல்லிடறேன், இல்லைன்னா அவரோட சேந்து நீங்களும் சந்தோஷப்பட்டுடுவேள்.

அரைக்கறதுக்கு அங்கே ரெண்டு கிண்ணம். ஒண்ணு அகேட்ங்கற கல்லால ஆனது. சுத்தம், ஆனா மெள்ளத்தான் அரைக்கும். இன்னொண்ணு உலோகம், சடசடன்னு மாவாக்கிடும். கவிதா அகேட்டைக் கையில எடுத்துண்டு, "இதுல போட்டா அடுத்த வாரம் ஆயிடும் ஸார்"னிருக்கா. "அதுக்குள்ள மீட்டிங்கே முடிஞ்சுடும். உலோகத்துல போடு"ன்னார் இவர். "போடட்டுமா ஸார்?"னு அவ மறுபடி கேட்டிருக்கா. "போடுன்னேனே!"ன்னு எரிஞ்சு விழுந்திருக்கார். கத்திரிக்காய்க்காரன்கிட்ட வராத கோபம்.

அந்த உலோகக் கிண்ணம் எதால பண்ணினதுங்கறேள்? டங்ஸ்டன். அதைக் கெட்டியா ஒட்ட வெச்சிருக்கறது கோபால்ட். அரைக்க அரைக்கக் கிண்ணமும் துளித் துளி தேஞ்சு கல் மாவுல கலக்கும். மிளகாய் அரைச்ச ஜார்ல ஏலக்காயைப் பொடிச்சுட்டு, ஏலக்காய் ஏன் காரமா இருக்குன்னு யோசிக்கற கதைதான். டங்ஸ்டன் தேடறவா அதைத் தொடக்கூடாதுங்கறது அவா தொழில்ல பாலபாடம். புதுசா சேர்ற பசங்களுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே இந்த மகானுபாவர்தான்! "அன்னிக்கு வெள்ளீயம்தான் என் மண்டையில இருந்தது, டங்ஸ்டன் வரும்னு நினைக்கலை"ன்னு பின்னால சொன்னார்.

வந்தது பாருங்கோ! எல்லாக் கல்லுலயும் டங்ஸ்டன். காயிதத்தைப் பாத்த உடனே கிண்ணம் ஞாபகம் வந்திருக்க வேண்டாமோ? வரலை. ஆயுசு பூரா வேணும் வேணும்னு கிடந்தது வாசல்ல வந்து நின்னா, எந்த வழியா வந்தேன்னு யார் கேப்பா? பக்கத்துலயே கோபால்ட்டும் எகிறி நின்னிருக்கு. கிரானைட்டுல அது அப்படி ஏறாது, அதுவே கிண்ணத்தைக் காட்டிக் குடுத்திருக்கும். அந்த வரியை இவர் கண் தாண்டிப் போயிடுத்து.

மீட்டிங்ல எழுந்து நின்னு பேசினாராம். மோதல் மூர்த்தின்னு சிரிச்சவாளெல்லாம் கை குடுத்தாளாம். துளை போட அனுமதி ஆச்சு. புது வெல்லத்துல பண்ணின சந்தேஷ் ஸ்வீட் ஒரு பெட்டி வாங்கிண்டு வந்து, செருப்பைக் கழட்டாம நடுக்கூடத்துல நின்னு, "வசு, மோதல்தான்!"னார். கண்ணெல்லாம் ஜலம். நான் என்ன சளைச்சவளா? மெட்ராஸ்ல இருக்கற நாத்தனார்லேர்ந்து பம்பாய் மன்னிவரைக்கும் போன் போட்டேன். இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துச் செக்ரட்டரி லக்ஷ்மிநாராயணனுக்கு எப்படியோ காத்துல விஷயம் போச்சு. "மாமி, நம்ம மனுஷர் தேசத்துக்கே உலோகம் கண்டுபிடிச்சிருக்கார். ஒரு பாராட்டு விழா வெக்கலைன்னா சங்கம் எதுக்கு?"ன்னு தேதி குறிச்சுட்டார். நானும் கரியாஹாட்டுக்குப் போய் விழாவுக்குன்னு ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். மயில் கழுத்துக் கலர்.

விழாவுக்கு முந்தின வாரம் ஒருநாள் இவர் சாயந்தரம் வந்து, ஜுரம் அடிக்கறதுன்னு போத்திண்டு படுத்தார். தொட்டுப் பாத்தேன், உடம்பு சில்லுன்னு இருந்தது. சாப்பாடு வேண்டாம், காபி வேண்டாம். "என்னன்னா ஆச்சு?"ன்னா, "ஒண்ணுமில்லை"ங்கறார். அடுத்த நாளும் அப்படியே. லக்ஷ்மிநாராயணன் போன் பண்ணினா, "தூங்கறேன்னு சொல்லு"ன்னு சைகை காட்டறார். சரி, மேடைப் பயம்னு விட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை கவிதா வந்தா. நான்தான் கதவைத் திறந்தேன். முகம் வீங்கியிருந்தது. இவர் கூடத்துல பேப்பரால முகத்தை மறைச்சுண்டு உக்காந்திருந்தார். அவ உக்காரக்கூட இல்லை.

"ஸார், எனக்கு இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுதுன்னு சொல்லிட்டாங்க. துர்காபூர்ல ஒரு லேப்ல கேட்டுப் பாக்கப் போறேன். நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்"னா.

பேப்பர் கீழே இறங்கலை. நான்தான், "ஏண்டியம்மா, என்ன ஆச்சு?"ன்னேன்.

"உங்களுக்குத் தெரியாதா காகிமா? புருலியாக் கல்லுல டங்ஸ்டனே இல்ல. வேற ஊர் லேப்ல திரும்ப அரைச்சுப் பாத்துட்டாங்க. எல்லாம் கிண்ணத்துலருந்து வந்தது. நான்தான் அரைச்சேன்." அப்புறம் இவர் பக்கம் திரும்பி, "என்னோட தோஷ்தான் ஸார். நீங்களே சொல்லியிருந்தாலும் நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்"னா.

நீங்களே சொல்லியிருந்தாலும். எனக்குச் சுருக்குன்னு தைச்சது. "லெட்டர் எழுதி வெக்கறேன்மா"ன்னு பேப்பருக்குப் பின்னாலேர்ந்து ஒரு குரல் வந்தது, எங்காத்துக்காரர் குரல்தானான்னு எனக்கே சந்தேகம். அவ "தேங்க்யூ ஸார்"னு சொல்லிட்டுப் போனா. காபி குடுக்கணும்னுகூட எனக்குத் தோணலை.

கதவைச் சாத்திட்டு வந்து பேப்பரைப் பிடுங்கினேன். "சொல்லுங்கோ."

சொன்னார். டைரக்டர் லேபுக்கே வந்து எல்லாரையும் நிக்க வெச்சு, "அரைச்சது யார்?"னு கேட்டாராம். கவிதா, "நான்தான்"னாளாம். "யாரைக் கேட்டு இந்தக் கிண்ணத்துல போட்டே?"ன்னு அடுத்த கேள்வி. அவ வாயைத் திறக்காம இவரைப் பாத்தாளாம்.

"நீங்க?"

"நான் ஜன்னலைப் பாத்தேன்."

"ஜன்னல்ல என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்லை, வசு."

எனக்கு வந்ததே பாருங்கோ கோபம்! "மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம்னு சொல்லுவா. நீங்க உடைச்சதையே அவ தலையில கட்டிட்டேளே! உங்களுக்கு என்ன, நாளைக்கு ரிடயர் ஆனா பென்ஷன் வந்துடும். அவளுக்கு? கிரேன் ஓட்டிப் படிக்க வெச்ச அப்பாகிட்ட அவ என்ன சொல்லுவா? உங்களைப் போய்ப் பெரிய மனுஷர்னு ஊரெல்லாம் போன் பண்ணினேனே, என்னைச் செருப்பால அடிச்சுக்கணும்!" கத்தினேன், பக்கத்தாத்து போஸ் பாபு டி.வி. சத்தத்தைக் குறைச்சுட்டார். இவர் அழுதார். அவர் அழுததைப் பாத்து எனக்கு இரக்கம் வரலை, வெக்கமாத்தான் இருந்தது. கூசிப் போனேன்.

"திங்கட்கிழமை டைரக்டர் டெல்லியிலேர்ந்து வந்துடுவார், சொல்லிடறேன்"னார்.

"ஏன், டெல்லியில போன் கிடையாதா?"

"நேர்ல சொல்றதுதான் மரியாதை. அதுக்கு முன்னால ஞாயித்துக்கிழமை சங்கத்துல சொல்லிடறேன். எங்கே பெருமை அடிச்சுண்டோமோ அங்கேயே சொல்லணும்."

எனக்கும் அது சரின்னுதான் பட்டது. விழாவை நிறுத்தலாம்னா லக்ஷ்மிநாராயணன், "இருநூறு பேருக்கு டிபன் சொல்லியாச்சு மாமி"ங்கறார். மயில் கழுத்துப் பட்டை எடுக்கலை, பழைய சுங்குடியைக் கட்டிண்டு போனேன்.

ஹால் நிறைஞ்சிருந்தது. கடைசி வரிசையில மருதமுத்து, பக்கத்துல கவிதா. அவரும் சங்கத்து மெம்பர்ங்கறதால அழைப்பு போயிருக்கு. இவர் மைக்கைப் பிடிச்சார். மோதினா இந்தக் கிரானைட், கிழிஞ்சா அந்தக் கிரானைட்னு கொஞ்ச நேரம் பேசிட்டு, விஷயத்தைச் சொன்னார். நன்னாவே சொன்னார், குறை சொல்லக்கூடாது. "அந்த டங்ஸ்டன் கல்லுல இல்லை. கிண்ணத்துல இருந்தது. அந்தக் கிண்ணத்துல அரைக்கச் சொன்னது நான். அரைச்ச பொண்ணுமேல ஒரு தப்பும் கிடையாது. எனக்கு இந்தச் சால்வை வேண்டாம்."

அப்பாடான்னு நினைச்சேன். அப்புறம் யாரோ ஒருத்தர் கை தட்டினார். அப்புறம் எல்லாரும். எழுந்து நின்னு தட்டறா! லக்ஷ்மிநாராயணன் மைக்கை வாங்கிண்டு தழுதழுக்கறார்: "பாருங்கோ, இதுதான் பண்பு! தன் கீழே வேலை பாக்கற ஒரு பொண்ணு தெரியாத்தனமா பண்ணின தப்பைத் தன் தலைமேல ஏத்துண்டு, அதுவும் சபையில சொல்றாரே, எப்பேர்ப்பட்ட மனசு! இவருக்கு ஒரு சால்வை போறாது!" ரெண்டு சால்வை போட்டா.

நான் எழுந்து நின்னு, "ஐயோ, அவர் நிஜத்தைச் சொல்றார்! இவர்தான் பண்ணினார்!"னு கத்தினேன். முன்வரிசை மாமியெல்லாம் சிரிச்சா. "ஆத்துக்காரருக்கு ஏத்த ஆத்துக்காரி, என்ன அடக்கம்!"னு ஒருத்தி என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சா. இவர் மேடையில ரெண்டு சால்வையோட, என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சுண்டு நிக்கறார். திரும்பிப் பாத்தேன். கடைசி வரிசையில ரெண்டு நாற்காலி காலி. அந்த அப்பன் தன் காதால கேட்டுட்டுப் போயிருக்கான், தன் பொண்ணு தெரியாத்தனமா பண்ணின தப்புன்னு. பூமி பிளந்து என்னை முழுங்கிடாதான்னு இருந்தது.

டாக்ஸியில நான்தான் பேசினேன். "நம்மவா நடுவுல, தமிழ்ல, மாலையும் கழுத்துமா நின்னுண்டு தப்பைச் சொன்னா, பாராட்டுதான் வரும். அது சுலபம்னுதான் அங்கே முதல்ல சொன்னேள். எந்த இடத்துல ஜன்னலைப் பாத்தேளோ அந்த இடத்துல, அவ நிக்கறச்சே, அத்தனை பேர் காதுலயும் விழறாப்பல சொல்லுங்கோ. கை தட்டாதவா முன்னால சொல்லுங்கோ."

அவர் சால்வையை மடிச்சுண்டே இருந்தார். "ஆமாம், சுலபம்னுதான்"னார்.

திங்கட்கிழமை சொன்னார். டைரக்டரை லேபுக்கே கூட்டிண்டு போய், எல்லாரும் இருக்கறச்சே சொன்னார். அவ கேட்டதையும், மறுபடி கேட்டதையும், தான் எரிஞ்சு விழுந்ததையும், அன்னிக்குப் பேசாம நின்னதையும். யாரும் கை தட்டலை. டைரக்டர் "யூ, மூர்த்தி?"ன்னு மட்டும் கேட்டாராம். துளை போடறது நின்னுது. ஃபைல்ல இவர் பேர்ல ஒரு கண்டனம் ஏறித்து. மோதல் மூர்த்தி போய்க் கிண்ணம் மூர்த்தியாச்சு. கேன்டீன்ல இவர் காதுபடவே சொல்றாளாம். சொல்லட்டும். கவிதாவோட கான்ட்ராக்ட்டைப் புதுப்பிச்சுட்டா.

சங்கத்துல மட்டும் இன்னிக்கும் இவர் மகான்தான். எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் லக்ஷ்மிநாராயணன் நம்ப மாட்டேங்கறார். இவர் அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டார்.

புருலியாக் குன்று மோதல்ல வந்ததா, கிழிசல்ல வந்ததா, இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. ரிடயர் ஆறதுக்குள்ள ஒரு தடவை ஒழுங்கா பாத்துடணும்னு இவர் மறுபடி போய்க் கல் கொண்டு வந்தார். நேத்து சாயந்தரம் ஆபீஸ்லேர்ந்து வந்து, காபியைக் கையில வெச்சுண்டு ஆத்தாம உக்காந்திருந்தார்.

"கவிதாகிட்ட கல்லைக் குடுத்தேளா?"ன்னேன்.

"குடுத்தேன். அகேட்டுல அரைம்மா, எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லைன்னேன்."

"என்ன சொன்னா?"

"எழுதிக் குடுங்க ஸார்னா."

முன்னெல்லாம் இவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலேயே சிரிச்சுண்டு ஓடி வர்ற பொண்ணு.

"எழுதிக் குடுத்தேளா?"

"குடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். வாங்கிப் படிச்சுட்டுத் திருப்பி நீட்டினா. தேதியும் போடுங்க ஸார்னா."

"போட்டேளா?"

"போட்டேன்"னார்.